மைனஸ் அறுபது அடி

சவரியப்பன் இருபத்தேழு வருடங்களாக ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறார். இத்தனை வருடங்களில் அவர் கரும்பலகையில் அதிகத் தடவை எழுதிய வாக்கியம் ஒன்று உண்டு: ‘தூரம் குறை எண்ணாக இருக்க முடியாது, எனவே இந்த மதிப்பு ஏற்புடையதல்ல.’ எழுதிவிட்டு அந்த மைனஸ் விடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு கிழிப்பார். கிழிக்கும்போது முகத்தில் ஒரு திருப்தி தெரியும். வேண்டாத ஒருவனை வாசலோடு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய திருப்தி.

அப்படிக் கோடு கிழித்து அனுப்ப முடியாத ஒரே ஆள் அவருடைய தம்பி ஜெய்சன்.

சவரியப்பனுக்கு வில்லாபுரத்தில் வீடு. தாயார் அற்புதமேரி அவரோடுதான் இருக்கிறார். காலையில் சர்க்கரை மாத்திரை, இரவில் பிரஷர் மாத்திரை, மாதம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, கண்புரைக்குச் சொட்டு மருந்து, எல்லாம் சவரியப்பன் பொறுப்பு. ஜெய்சன் இருப்பது கே.கே. நகரில். மருந்துக் கம்பெனியில் வேலை. டாக்டர்கள் வாசலில் பையோடு காத்திருந்து காத்திருந்து யாரைக் கண்டாலும் சிரிக்கிற பழக்கம் வந்துவிட்டது. மாதத்தில் இரண்டு ஞாயிறு காரில் வருவான், கையில் ஒரு கிலோ ஜிலேபியோடு.

“எம்புள்ள எனக்குன்னு தேடிப்போயி வாங்கியாந்துருக்கான்” என்று அற்புதமேரி டப்பாவைத் திறப்பார்.

“அம்மா, உங்களுக்குச் சுகர் இருநூத்திப் பத்து.”

“ஒனக்கு எப்பப் பாத்தாலும் நம்பருதான்யா.”

ஜிலேபி கொண்டுவந்தவன் பாசக்காரன், பிடுங்கிவைத்தவன் கொடுமைக்காரன். இதைக்கூட சவரியப்பன் பொறுத்துக்கொண்டிருப்பார். தினமும் அவர் எடுத்துக் கொடுக்கிற மாத்திரைக்கு அம்மா ‘ஜெய்சன் மாத்திரை’ என்று பெயர் வைத்திருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. எந்தக் காலத்திலோ ஜெய்சன் கம்பெனி சாம்பிளில் இரண்டு பட்டை கொண்டுவந்து கொடுத்ததற்கு அத்தனை ஆயுள்.

பொறாமை என்று சொன்னால் சவரியப்பன் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் அதற்கு ‘நியாயம்’ என்று பெயர் வைத்திருந்தார். ஜெய்சன் பத்தாம் வகுப்புக் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கியவன் என்பதைக் கல்யாணப் பந்தி, மருத்துவமனை வரிசை என்று சம்பந்தமே இல்லாத இடங்களில் எல்லாம், அந்த நியாயத்துக்காகவே சொல்லிவைப்பார்.

நியாயம் இவ்வளவு முற்றியதற்குக் காரணம் அப்பாவின் அடக்கம்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் பெனடிக்ட் இறந்துபோனார். ஒன்பது நாள் அவரைப் பார்த்துக்கொண்டது, ஆக்சிஜன் அளவை மணிக்கொரு தரம் நோட்டில் எழுதிவைத்தது, ஆம்புலன்ஸில் ஏற்றியது எல்லாம் மூத்தவர். அடக்கத்துக்குப் போனது இளையவன். ஏனென்றால் அதற்குள் சவரியப்பன், அவர் மனைவி ஆன்மேரி, அற்புதமேரி மூன்று பேருக்கும் பாசிட்டிவ். வீட்டு வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். கே.கே. நகர் வீட்டுக்கு மட்டும் நோய் எட்டிப் பார்க்கவில்லை. அவனைக் கண்டு அதுவும் சிரித்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று சவரியப்பன் நினைத்தார்.

ஜெய்சன் தலைமுதல் கால்வரை மூடிய உடையில் தள்ளி நின்று அரை மணி நேரம் பார்த்தான். அந்த அரை மணி நேரத்தைச் சொல்லச் சொல்லி அம்மா இன்றைக்கும் கேட்கிறார். “நீ ஒருத்தனாவது இருந்தியேய்யா” என்று அவன் கையைப் பிடித்துக்கொள்கிறார். ஒன்பது நாளின் கதை ஒரு நோட்டு முழுக்க மணிவாரியாக இருக்கிறது. அதை யாரும் கேட்டதில்லை.

அந்த நெருக்கடிக் காலத்துக் கல்லறைகளுக்குக் கல் கிடையாது, நம்பர் எழுதிய குச்சி மட்டும்தான். முதல் மழையிலேயே குச்சிகள் போய்விட்டன. எங்கே கிடக்கிறார்கள் என்று தெரியாதவர்களுக்காகக் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் உள்ள பெரிய சிலுவையடியில் மெழுகுவர்த்தி வைப்பது வழக்கம். அற்புதமேரியும், கல் இல்லாத மண்ணில் யார் மேல் மிதிக்கிறோமோ என்று பயந்து, நாலு வருடமாகக் கல்லறைத் திருநாளுக்கு அங்கேதான் வைத்தார். வைத்துவிட்டு ஒவ்வொரு வருடமும் அதே குறை: “ஊருக்கே பொதுவா வச்சுட்டு வாரேன். அவருக்குன்னு எரிய ஒரு திரி இல்ல.”

போன அக்டோபரில் பங்குச் சாமியார் பூசையில் அறிவித்தார்: அடக்கம் செய்த இடம் தெரிந்தவர்கள், கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டுக்குள் சிறிய கல் பதித்துக்கொள்ளலாம். எழுபத்தொன்பது வயதில் அற்புதமேரிக்கு வேறு ஆசை எதுவும் பாக்கியில்லை. “ரெண்டு பேருமாப் போயி எடத்தப் பாத்துட்டு வாங்க” என்றார். பிறகு, சவரியப்பனின் நெஞ்சில் குத்துகிற மாதிரி, “ஜெய்சனுக்குத் தெரியும்” என்றும் சேர்த்தார்.

போனார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு முன்வாசல், பின்வாசல் என்று இரண்டு. இரண்டுக்கும் நடுவில் பெரிய சிலுவை. முன்வாசல் வழியாக வந்தால், சிலுவையைத் தாண்டி மூன்றாம் வரிசை இரண்டு பக்கமும் குறுக்கே ஓடுகிறது. வரிசையின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு வேப்பமரம். ஒழுங்கில் பிரியமுள்ள யாரோ ஒரு சாமியார் அந்தக் காலத்தில் நட்டது.

ஜெய்சன் இடது பக்கமாக நடந்து, வேம்புக்குப் பக்கத்தில் நின்றான். “இங்கனதாண்ணே.”

“இங்கனன்னா? எத்தன அடி?”

“அடிக்கணக்கெல்லாம் நா எடுக்கலண்ணே. அழுதுக்கிட்டு நின்னேன்.”

அவன் ஒரு செங்கல்லை எடுத்து அடையாளத்துக்கு வைத்தான். அழுததையும் அவனே சொல்லிக்கொள்கிறான் என்று சவரியப்பனுக்குப் பட்டது. கண்ணீரை வைத்து இடம் கண்டுபிடிக்கிற முறை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அவர் நேராகப் பங்கு அலுவலகத்துக்குப் போய் அடக்கப் பதிவேட்டைக் கேட்டார். அதில் ஒரே ஒரு வரி: ‘பெனடிக்ட். மூன்றாம் வரிசை. பெரிய சிலுவையிலிருந்து நேராக 65 அடி.’

அந்த வரியைப் பார்த்தபோது அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைத் அப்பாவுக்காகத் துக்கம் விசாரித்தவர்கள் யாரும் பார்க்காமல் இருந்தது நல்லது. திரும்பத் தோட்டத்துக்குப் போய், சிலுவைக்கும் மூன்றாம் வரிசைக்கும் செங்குத்தாக எவ்வளவு என்று டேப் பிடித்தார். சரியாக இருபத்தைந்து அடி. வீட்டுக்கு வந்து, விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினார். செங்குத்துத் தூரம் இருபத்தைந்து, சாய்வு அறுபத்தைந்து, வரிசை வழியே நடக்க வேண்டியது x.

√(x² + 625) = 65

இருபுறமும் வர்க்கப்படுத்தினார். x² + 625 = 4225. x² = 3600. வர்க்கமூலம் எடுத்தால் x என்பது அறுபது, அல்லது மைனஸ் அறுபது.

தசமம் இல்லை, மீதி இல்லை, முழுசாக அறுபது. கணக்கு வாத்தியார்களுக்கு இதைவிடப் பெரிய தேவசெய்தி கிடையாது. பாடப்புத்தகத்தில் வர்க்கமூலம் சுத்தமாக வந்தால் போட்ட வழி சரி என்று அர்த்தம். பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா, மூத்த மகனுக்கென்று ஒரு நல்ல கணக்கை விட்டுவைத்துப் போயிருக்கிறார் என்று சவரியப்பனுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு மைனஸ் அறுபதைச் சுற்றி வட்டம் போட்டு, குறுக்கே கோடு கிழித்தார்.

பிளஸ் அறுபது எந்தப் பக்கம்? எண்கோட்டில் பிளஸ் எப்போதும் வலது பக்கம். ஆகவே வலக்கோடி வேம்பு. தம்பி காட்டியது இடக்கோடி வேம்பு. விடையில் ஓர் அழகு இருந்ததை அவரால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

அம்மா கேட்கும்படியாக ஸ்பீக்கரில் போட்டு ஜெய்சனுக்குப் போன் செய்தார். முழுக் கணக்கையும் சொன்னார்.

“அண்ணே, அந்தப் பக்கம் அறுபது அடின்னா, இந்தப் பக்கமும் அறுபது வருமில்ல?”

“தூரம் மைனஸ்ல வராதுடா. இதத்தான் ரெண்டு வருசம் ஒனக்கு டியூசன்ல தொண்ட வறளக் கத்துனேன்.”

“நா மைனஸ்னு சொல்லலண்ணே, பக்கம்னு…”

“பக்கம்னாலும் அதேதான்.”

அற்புதமேரி போன் பக்கம் குனிந்தார். “ஏய்யா ஜெய்சா, அண்ணன் படிச்சவன். அவன் சொல்றதக் கேளு.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகச் சவரியப்பன் சுமார் நாற்பத்தைந்து வருடம் காத்திருந்தார். ஜெய்சன் பிறந்ததிலிருந்து கணக்கு.

“சரிண்ணே, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று அந்தப் பக்கம் குரல் வந்தது. “அன்னைக்கு எனக்குக் கண்ணு எங்க தெரிஞ்சுச்சு.”

அக்டோபர் முப்பத்தொன்று வெள்ளிக்கிழமை கல் பதித்தார்கள். செங்கல் கட்டி, மேலே கருங்கல் பலகை. எல்லாரும் முன்வாசல் வழியாகத்தான் போனார்கள். சவரியப்பன் டேப்பும் நோட்டுமாக நின்று கொத்தனாருக்கு அங்குலம் அங்குலமாகச் சொன்னார். குழி வெட்டும் கருப்பு கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார், தலையைச் சொறிந்தார், போய்விட்டார். அற்புதமேரி கல்லைத் தடவித் தடவி அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூத்த மகனின் தலையில் கை வைத்தார். “எம்புட்டுப் படிப்புய்யா ஒனக்கு. மண்ணுக்குள்ள கெடந்தவர நோட்டுல கண்டுபுடிச்சுட்டியே.”

அன்று இரவு சவரியப்பன் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார். ஆன்மேரி கவனித்தார்.

சனிக்கிழமை மதியம் வரைதான் அந்தச் சந்தோஷம். மாத்திரையை விழுங்கிவிட்டு அம்மா சொன்னார்: “பாவம் ஜெய்சன். வெள்ளிக்கிழம மூஞ்சியே சரியில்ல. புள்ளைக்கு மனசு நொந்துருக்கும். ஒரு போனப் போட்டு நல்ல வார்த்த சொல்லுய்யா.”

ஜெயித்தது இவர். ஆறுதல் அவனுக்கு. ஒரே நாளில் பாசம் பழைய விலாசத்துக்கே போய்விட்டது. சவரியப்பன் போன் செய்யவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார். தம்பி காட்டிய இடம் சரியான இடத்திலிருந்து எத்தனை அடி, எத்தனை அங்குலம் பிசகு என்று அளந்து, நம்பராகவே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். பாவம் பார்ப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

திருநாளுக்கு முந்தைய நாள். தோட்டம் முழுக்க ஆட்கள் களை பிடுங்கிக்கொண்டும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டும் இருந்தார்கள். ஜெய்சன் வைத்த செங்கல் இடது வேம்பின் அருகில் அப்படியே கிடந்தது. முதலில் அது சிலுவையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துவிடுவோம் என்று, சிலுவை மேடையில் டேப்பின் நுனியை மாட்டிவிட்டுப் போய்ப் பார்த்தார்.

அறுபத்தைந்து.

டேப் தொய்ந்திருக்கும் என்று இழுத்துப் பிடித்தார். அறுபத்தைந்து. அரை அடி கூடவோ குறையவோ இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். சட்டைப்பை நோட்டை எடுத்து, கோடு கிழித்து அனுப்பிய மைனஸ் அறுபதைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். மைனஸ் அறுபதின் வர்க்கம் 3600. அதோடு 625. கூட்டினால் 4225. வர்க்கமூலம் 65. பக்கம் மாறினால் குறி மாறும், தூரம் மாறாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. வருடாவருடம் வரைபடத்தாளில் அவரே குறித்துக் காட்டுவதுதான். தெரிந்த ஒன்றை மறக்கடிக்க ஒரு தம்பி போதும்.

கருப்பு தூரத்தில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சவரியப்பன் போய் நின்றார்.

“கருப்பு, கொரோனா சமயத்துல இந்த வரிசையில எந்தப் பக்கம் குழி வெட்டுனீங்க?”

“அன்னைக்குப் பூராம் இந்த எடது பக்கந்தான் சார். அந்தப் பக்கம் எல்லாம் பழைய ஆளுக.”

“அப்ப ஏன்யா நேத்துச் சொல்லல?”

“நீங்க கேக்கலயே சார். வாத்தியாரு டேப்பும் நோட்டுமா நிக்கிறாரு, ஏதோ வெவரமாத்தான் செய்வாருன்னு விட்டுட்டேன்.”

“நேத்துக் கல்லு வச்சது யாரு மேல?”

கருப்பு யோசித்தார். “அது ஒரு கெழவி சார். கேக்க நாதியில்ல. ஒரு நாளாச்சும் பேரு போட்ட கல்லு கெடச்சுச்சு, சந்தோசப்பட்டுருக்கும்.”

பேசாமல் விட்டுவிடலாம். கல்லுக்குக் கீழே யார் என்று கல்லுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. தலையில் வைத்த கை இருக்கும். சவரியப்பன் அதை முழுதாக ஐந்து நிமிடம் யோசித்தார் என்பதை மறைத்து அவரை நல்லவராக்க வேண்டியதில்லை. ஆனால் நாளை அம்மா யாரோ ஒரு கிழவியின் தலைமாட்டில் உட்கார்ந்து ‘என்னங்க’ என்று கூப்பிடுவார். இருபத்தேழு வருடம் தப்பு விடைக்கு மார்க் போடாத கைக்கு அது முடியவில்லை.

இரண்டு பேருமாகக் கடப்பாரை போட்டார்கள். சிமெண்ட் இன்னும் இறுகவில்லை. பலகையைச் சுமந்து, சிலுவையைத் தாண்டி, நூற்றிருபது அடி நடந்தார்கள். சவரியப்பன் தன் கையாலேயே சிமெண்ட் குழைத்துப் பூசினார். செங்கல் இருந்த இடத்தில்தான். அளக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒப்புதல் வாக்கியத்தைத் திருத்தித் திருத்திக் கடைசியில் இப்படி முடித்தார்: ‘அம்மா, கணக்கு சரி. பக்கம் மாறிப்போச்சு. ஜெய்சன் சொன்ன எடந்தான்.’ கடைசி மூன்று சொற்களை ஒத்திகையிலேயே முழுங்கவேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோட்டம் முழுக்கச் செவ்வந்தியும் மெழுகு வாசனையும். அற்புதமேரி ஜெய்சன் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். அவன் வெள்ளிக்கிழமை ஞாபகத்தில் வலது பக்கம் திரும்பினான்.

“இங்கிட்டு” என்றார் சவரியப்பன், சிலுவையைப் பார்த்தபடி.

ஜெய்சன் திரும்பி நடந்தான். இடது வேம்பின் அருகில் கல் இருந்தது. குனிந்து, பூச்சில் விரல் வைத்தான். விரலில் புதுச் சிமெண்ட் பொடி ஒட்டியது. அதை வேட்டி ஓரத்தில் துடைத்துவிட்டு, கையிலிருந்த மாலையைப் புதுப் பூச்சு தெரியாதபடி கல்லைச் சுற்றிப் போட்டான்.

அற்புதமேரி புரை விழுந்த கண்ணால் இரண்டு பக்கமும் பார்த்தார். “ஏய்யா, வெள்ளிக்கிழம அங்கிட்டுல்ல போனோம்?”

சவரியப்பன் வாயைத் திறந்தார். “அம்மா, கணக்கு சரி…”

“ஆமாம்மா, கணக்கு சரிதான்” என்று ஜெய்சன் குறுக்கே வந்தான். “வெள்ளிக்கிழம நாம பின்வாசல் வழியா வந்தோம்ல? இன்னைக்கு முன்வாசல். அந்த வழியா வந்தா வலது, இந்த வழியா வந்தா எடது. அதத்தான் அண்ணே சொல்ல வாராரு.”

“அப்படியா? நா அன்னைக்குப் பாதையவே பாக்கலய்யா.” அவர் சமாதானமாகி உட்கார்ந்தார். கணவருக்கென்று தனியாக ஒரு திரி ஏற்றினார். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த குடும்பத்திடம் கல்லைக் காட்டி, “எம் மூத்தவன் கணக்குப் போட்டுக் கண்டுபுடிச்ச எடம்” என்றார். அவர்கள் சவரியப்பனை மரியாதையோடு பார்த்தார்கள். அவர் ஒப்புதலின் மீதியைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அவர் அந்தப் பொய்யைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். சிலுவை நடுவில். வாசல்கள் எதிரெதிரே. ஒன்றை விட்டு மற்றதன் வழியாக வந்தால் வலது இடதாகும், அறுபது மைனஸ் அறுபதாகும். வேப்பமரம்கூட இரண்டு பக்கமும் உண்டு. ஒரு அடி பிசகில்லை. எந்தப் பரீட்சையிலும் முழு மார்க் போட்டாக வேண்டிய விடை. அதையும் அவன் டேப் இல்லாமல், நோட்டு இல்லாமல், மாலை போட்டுக்கொண்டே போட்டுவிட்டான். இடமும் அவன் சொன்னது, அதைக் கண்டுபிடித்த பேரும் அவன் கொடுத்தது. தப்பாகவே காட்டியிருந்தாலும் சவரியப்பன் மன்னித்திருப்பார். இதை எப்படி மன்னிப்பது?

வெளியே கார் கதவைத் திறந்துவைத்து ஜெய்சன் ஜிலேபி டப்பாவை நீட்டினான். “மதினி, நீங்க எடுங்க. அண்ணே, ஒண்ணு.” அற்புதமேரி எடுத்த இரண்டையும் சவரியப்பன் பிடுங்கவில்லை. தானும் ஒன்று தின்றார். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அம்மா தம்பியின் காரில் முன்சீட்டில் போனார். பின்னால் வண்டியில் சவரியப்பனும் ஆன்மேரியும். சிக்னலில் நின்றபோது ஆன்மேரி காதருகே கேட்டார்:

“ஏங்க, வெள்ளிக்கிழம நாம முன்வாசல் வழியாத்தான போனோம்?”

சவரியப்பன் முன்னால் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பயலுக்குப் போயி எவன்டீ நாப்பத்தொண்ணு போட்டான்?”

“போட்டது யாருன்னு தெரியாது” என்றார் ஆன்மேரி. “டியூசன் எடுத்தது நீங்கதான்.”